மல்லிகை நறுமண மெழுகு

மல்லிகை நறுமண மெழுகு என்பது மல்லிகை இனப் பூக்களில் உள்ள மணப்பொருள்களை எளிதில் ஆவியாகும் கரைப்பான் ஒன்றில் கரைத்தெடுத்து, பின்னர் அக்கரைப்பானை நீக்குவதால் கிடைக்கும் பழுப்பு நிறத் திண்மப் பொருளாகும். இம்மெழுகை எத்தனாலில் கரைத்துக் குளிர்வித்து, உறையும் மெழுகுப் பகுதியை வடிகட்டி நீக்கினால் எஞ்சும் அடர்ந்த நீர்மம் மல்லிகைத் தனிச்சாறு எனப்படுகின்றது. விலை மிகுந்த வாசனைப் பொருள்களில் இயற்கை மல்லிகை மணம் என்று சேர்க்கப்படுவது பெரும்பாலும் இத்தனிச்சாறே ஆகும். உலகச் சந்தைக்கு இவற்றை மிகுதியாக வழங்கும் நாடுகள் எகிப்தும் இந்தியாவும் ஆகும். இந்தியாவில் இத்தொழில் தமிழ்நாட்டையும் அதனை ஒட்டிய கர்நாடகப் பகுதியையும் சார்ந்து வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், சத்தியமங்கலம் சுற்றுவட்டாரமும் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதியும் இதற்குப் பெயர் பெற்றவை.

பெயர்கள்

இப்பொருளை வாசனைத் தொழிலில் உள்ளோர் கான்கிரீட் என்றே அழைக்கின்றனர். கட்டடம் கட்டப் பயன்படும் கற்காரைக்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. இறுகிய பொருள் என்னும் பொதுப்பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. தனிச்சாற்றுக்கு அப்சலூட் என்று பெயர். கொங்கு நாட்டு விவசாயிகள் இந்த ஆலைகளை "சென்ட் கம்பெனி" அல்லது "சென்ட் பேக்டரி" என்கின்றனர். உண்மையில் இங்கு சென்ட் செய்யப்படுவதில்லை. சென்ட் செய்வோருக்கு வேண்டிய மூலப்பொருள்தான் செய்யப்படுகின்றது.

பூக்களின் பெயர்களிலும் குழப்பம் உண்டு. குண்டுமல்லி, மதுரை மல்லி, மல்லி என்றெல்லாம் வழங்கப்படுவது ஜாஸ்மினம் சம்பக் என்னும் இனம். தென் மாவட்டங்களில் பிச்சி என்றும் கொங்குப் பகுதியில் சாதிமல்லி என்றும் சொல்லப்படுவது ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். முல்லை என்பது ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். சத்தியமங்கலம் பூச்சந்தையில் இவற்றோடு காக்கடா என்ற பூவும் விற்பனைக்கு வரும். இது ஜாஸ்மினம் மல்டிஃப்ளோரம் என்னும் வேறோர் இனம். இதற்கு மணம் மிகக் குறைவு. ஆகையால் மாலை கட்டுவோருக்கு மட்டுமே இது பயன்படுகின்றது. செண்டுமல்லி என்பது பெயரில் மல்லியைக் கொண்டிருந்தாலும் மல்லிகை இனமே அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதிலிருந்தும் கரைப்பான் முறையில் சாறு எடுக்கப்படுகின்றது. ஆனால் அது மணத்திற்காக அன்று, லூட்டீன் என்னும் மஞ்சள் நிறமிக்காக ஆகும்.

கொங்கு நாட்டில் மல்லிகை வேளாண்மை

பவானிசாகர் அணையின் அருகிலும் சத்தியமங்கலம் வட்டத்திலும் குண்டுமல்லி, முல்லை, சம்பங்கி ஆகியவை பெருமளவில் பயிராகின்றன. பூக்கள் நாள்தோறும் விடியும் முன்னரே பறிக்கப்பட்டு, காலையில் சத்தியமங்கலம் சந்தையில் ஏலம் விடப்படுகின்றன. அங்கிருந்து கோயம்புத்தூர், கேரளம், கர்நாடகம் ஆகிய இடங்களுக்குச் செல்கின்றன. கோயம்புத்தூர் வானூர்தி நிலையத்தின் வழியே வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. கோவை மாவட்டத்தில் சாதிமல்லி குறிப்பிடத்தக்க பயிராகும். பிற மல்லிகைகளைவிட இது ஆலைகளுக்காகவே மிகுதியாக வளர்க்கப்படுவது.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாதிமல்லியில் கோ.1, கோ.2 என்ற இரு இரகங்களையும் முல்லையில் கோ.1, கோ.2, பாரிமுல்லை என்ற இரகங்களையும் வெளியிட்டுள்ளது. முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் பெயரைப் பெற்ற இரகம் என்பதால் பாரிமுல்லை மாணவர்களுக்கு எளிதில் நினைவில் நிற்கும். சாதிமல்லியின் கோ.2 இரகம், கோ.1 இரகத்தில் தூண்டப்பட்ட திடீர்மாற்றத்தின் வழியாகப் பெறப்பட்டது. இப்பல்கலைக்கழகம் தரும் கணக்கின்படி, பூவின் எடையில் கிடைக்கும் நறுமண மெழுகின் அளவு குண்டுமல்லியில் 0.14 முதல் 0.19 விழுக்காடு, சாதிமல்லியில் 0.25 முதல் 0.32 விழுக்காடு, முல்லையில் 0.28 முதல் 0.36 விழுக்காடு ஆகும். சம்பங்கியில் இது 0.08 முதல் 0.11 விழுக்காடு மட்டுமே.

இவ்வெண்கள் சிறியவையாகத் தோன்றினாலும் இத்தொழிலின் பொருளியல் முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கின்றது. ஒரு டன் சாதிமல்லியில் ஏறத்தாழ 2.5 முதல் 3.2 கிலோகிராம் மெழுகு கிடைக்கும். அதில் பாதியளவே தனிச்சாறாகத் தேறும். அதாவது ஒரு கிலோகிராம் தனிச்சாற்றுக்கு 625 முதல் 800 கிலோகிராம் பூ தேவை. ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் சாதிமல்லிப் பூக்கள் இருக்கும் என்று கொண்டால், அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட பூக்கள் ஒவ்வொன்றாகக் கையால் பறிக்கப்பட வேண்டும். மல்லிகை பறிப்பதற்கு நடைமுறைக்கு ஏற்ற இயந்திரம் இல்லை.

பூவில் மணம் உருவாதல்

மல்லிகைப் பூவிதழில் மணத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய எண்ணெய்ப் பைகள் கிடையா. எலுமிச்சைத் தோலை அழுத்தினால் எண்ணெய் தெறிப்பதுபோல் மல்லிகை இதழை அழுத்தினால் தெறிக்காது. மொட்டில் லினலூல், பென்சைல் ஆல்ககால் போன்ற பொருள்கள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்த நிலையில் இருக்கின்றன. இவ்வகைப் பிணைப்பில் உள்ளவை கிளைக்கோசைடுகள் எனப்படும். இவை நீரில் கரைவன, மணம் அற்றவை, ஆவியாகாதவை. மொட்டு விரியும் நேரத்தில் நொதிகள் இப்பிணைப்பை அறுக்கின்றன. வேறு சில மணப்பொருள்கள் அவ்வேளையிலேயே புதிதாக ஆக்கப்படுகின்றன. ஆகவே மணம் என்பது பூவில் இருப்பில் உள்ள சரக்கு அன்று. மலரும் சில மணி நேரத்தில் ஆக்கப்பட்டு உடனே காற்றில் விடப்படுவது.

இதனால் பறிக்கும் நேரமும் ஆலைக்குள் செலுத்தும் நேரமும் மிக முக்கியமாகின்றன. குண்டுமல்லி மாலையில் மலர்வது. மாலை கட்டுவோருக்கு மலராத மொட்டு வேண்டும். ஆலைக்கோ மலர்ந்த பூ வேண்டும். காலையில் வாங்கிய குண்டுமல்லி மொட்டுகளை ஆலையில் மெல்லிய படுகையாகப் பரப்பி வைத்து, அவை மாலையில் விரிந்து மணம் முற்றிய பின்னரே, பெரும்பாலும் இரவில், கரைப்பானில் இடுகின்றனர். சாதிமல்லியை விரிந்த பூவாகவே அதிகாலையில் பறித்துக் காலம் தாழ்த்தாமல் செலுத்த வேண்டும். நண்பகல் வரை விலை போகாத குண்டுமல்லி சந்தைக்காரருக்கு வீணான சரக்காகிவிடுகின்றது. ஆலைக்கு அப்போதுதான் அதன் வேளை நெருங்குகின்றது. ஆனால் அதே மொட்டு கோணிப்பையில் அழுத்திக் கட்டப்பட்டு வெயிலில் கிடந்திருந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அத்தகைய பூவில் எடுத்த மெழுகில் மணம் கெட்டிருப்பதை முகர்ந்தே அறியலாம்.

பறித்த பிறகும் மல்லிகை மணத்தை ஆக்கிக்கொண்டிருக்கும் என்பதை 1899-ஆம் ஆண்டளவில் செருமானிய வேதியியலாளர் ஆல்பர்ட் எசே ஆய்வு வழியாகக் காட்டினார். பூவை உடனே கரைப்பானில் இட்டு எடுக்கும்போது கிடைப்பதைவிட, ஒரு நாள் முழுதும் கொழுப்பின்மேல் பரப்பி வைத்து எடுக்கும்போது பல மடங்கு மணப்பொருள் கிடைப்பதை அவர் கண்டார். கரைப்பானில் விழுந்த பூ அந்நொடியே இறந்துவிடுகின்றது. கொழுப்பின்மேல் கிடக்கும் பூவோ உயிரோடு இருந்து மணத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றது.

பழைய முறைகள்

கொழுப்பில் மணமேற்றும் முறை தென் பிரான்சிலுள்ள கிராசு நகரில் பெருந்தொழிலாக விளங்கியது. கண்ணாடித் தட்டுகளில் தூய்மைப்படுத்திய விலங்குக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களைப் பரப்பி, நாள்தோறும் பூவை மாற்றுவர். கொழுப்பு மணத்தால் நிறைந்ததும் ஆல்ககாலால் அதனைக் கழுவி எடுப்பர். கூலி உயர்ந்ததால் இம்முறை இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ மறைந்துபோயிற்று.

இந்தியாவில் இதற்கு இணையான முறை ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் சவுன்பூர், காசிப்பூர் பகுதிகளில் தோல் நீக்கிய எள்ளையும் மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவைப் பல முறை மாற்றி, மணமேறிய எள்ளைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தனர். தட்டுகளில் கொழுப்புக்குப் பதில் எள் என்பதே வேறுபாடு. பூச்சரத்தின் அருகில் வைத்த வெண்ணெயில் மணம் ஏறிவிடுவதைக் கண்டவர்களுக்கு இரண்டின் அடிப்படையும் எளிதில் விளங்கும்.

காய்ச்சி வடித்தல் ஏன் பொருந்துவதில்லை

நீலகிரியில் தைல மர இலையிலிருந்து எண்ணெய் எடுக்க நீராவியால் காய்ச்சி வடிக்கும் முறை பயன்படுகின்றது. தைல எண்ணெயின் முதன்மைப் பொருளாகிய சினியோல் நீராவியைத் தாங்கும். இலையில் அது நிறையவும் உள்ளது. மல்லிகையில் இவ்விரண்டும் இல்லை. பூவில் மணப்பொருளின் அளவு மிகக் குறைவு. கொதிநீரில் பென்சைல் அசிட்டேட்டு போன்ற எஸ்தர்களின் ஒரு பகுதி சிதைகின்றது. இந்தோல், பென்சைல் பென்சோயேட்டு போன்ற கொதிநிலை மிகுந்த பொருள்கள் நீராவியோடு குறைவாகவே வருகின்றன. வெந்த பூவின் வாடையும் சேர்ந்துவிடும். ஆகையால் குளிர்ந்த நிலையில் கரைத்தெடுக்கும் முறையே மல்லிகைக்கு நிலைத்தது.

கரைப்பான் முறை

இன்று பெரும்பாலும் பயன்படும் கரைப்பான் ஹெக்சேன் ஆகும். இதன் கொதிநிலை ஏறத்தாழ 69 பாகை செல்சியஸ். இது மணப்பொருளையும் மெழுகையும் கரைக்கும். சர்க்கரை, புரதம் முதலிய நீர்நாட்டப் பொருள்களைக் கரைக்காது. தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடுவதால் மணப்பொருளுக்கு ஊறு விளையாமல் இதனை நீக்கவும் முடியும்.

துருப்பிடிக்காத எஃகாலான கலத்தினுள் துளையிட்ட தட்டுகள் அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் பூ பரப்பப்படுகின்றது. பூவின் சொந்த எடையே அடியிலுள்ள பூவை நசுக்கிவிடாமல் காப்பதற்காகவே இத்தட்டுகள். சில ஆலைகளில் மெதுவாகச் சுழலும் உருளைக்கலங்களும் உண்டு. கலம் மூடப்பட்டு ஹெக்சேன் செலுத்தப்படுகின்றது. குறிப்பிட்ட நேரம் ஊறிய பின் அக்கரைசல் வடிக்கப்பட்டு, புதிய கரைப்பான் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செலுத்தப்படும். மூன்றாம் கழுவலில் மணப்பொருள் சிறிதளவே இருக்குமாதலால், அதனை அடுத்த தொகுதிப் பூவின் முதற்கழுவலுக்குப் பயன்படுத்துவது வழக்கம். கரைப்பானின் செலவும் ஆவியாக்கும் வெப்பமும் இதனால் மிச்சமாகின்றன.

வடித்த கரைசலில் பூவிலிருந்து வந்த சிறிதளவு நீரும் இருக்கும். அதனை அடியில் தங்கவிட்டுப் பிரித்த பின், கரைசலைச் சூடாக்கிக் கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்கலத்தில் மீட்கின்றனர். கடைசிப் பகுதிக் கரைப்பானை வளிமண்டல அழுத்தத்தில் நீக்க முயன்றால் வெப்பம் கூடி மணம் கெடும். எனவே அழுத்தத்தைக் குறைத்து வெற்றிடத்தில் நீக்குகின்றனர். கலத்தின் அடியில் எஞ்சுவது நறுமண மெழுகு. அறை வெப்பநிலையில் இது உறைந்துவிடும். இதில் மணப்பொருளோடு இதழின் மேற்பரப்பிலிருந்த தாவர மெழுகும், கொழுப்பும், நிறமிகளும் கலந்திருக்கின்றன.

மெழுகு ஆல்ககாலில் சரியாகக் கரையாது. வாசனைத் திரவியம் செய்வோருக்கோ ஆல்ககாலில் முழுதும் கரையும் பொருள் வேண்டும். எனவே மெழுகை வெதுவெதுப்பான எத்தனாலில் கரைத்து, நீர் உறையும் வெப்பநிலைக்கும் பல பாகை கீழே குளிர்விக்கின்றனர். மெழுகு திரிந்து பிரிகின்றது. மணப்பொருள் கரைசலிலேயே நிற்கின்றது. வடிகட்டி, எத்தனாலை வெற்றிடத்தில் நீக்கினால் தனிச்சாறு கிடைக்கின்றது. சாதிமல்லித் தனிச்சாறு செம்பழுப்பு நிறமுடையது. நாட்பட நாட்பட நிறம் இன்னும் ஆழ்ந்துகொண்டே போகும்.

முதன்மையான சேர்மங்கள்

மல்லிகைத் தனிச்சாற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அளவில் மிகுந்தவை பென்சைல் அசிட்டேட்டு, பென்சைல் பென்சோயேட்டு, லினலூல், பைட்டால் முதலியன. ஆனால் அளவுக்கும் மணத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. பைட்டால் பச்சையத்தின் ஒரு பகுதி. அது தனிச்சாற்றில் கணிசமாக இருந்தும் ஏறத்தாழ மணமற்றது. பென்சைல் பென்சோயேட்டின் மணமும் மெல்லியதே. மற்ற மணங்கள் விரைந்து பறந்துவிடாமல் பிடித்து வைப்பதே அதன் பணி.

சிறிதளவே இருந்து மணத்தை ஆள்வனவற்றுள் இந்தோல் குறிப்பிடத்தக்கது. தூய நிலையில் இது பூச்சி உருண்டையையும் மலத்தையும் நினைவூட்டும் நாற்றம் உடையது. மிக நீர்த்த நிலையில் இதுவே மல்லிகைக்கு அடர்த்தியையும் இரவுப்பூவுக்கே உரிய கனத்தையும் தருகின்றது. இந்தோல் நீக்கப்பட்ட மல்லிகை மணம் சோப்பு மணம்போல் தட்டையாகிவிடும். குண்டுமல்லியில் இந்தோலோடு மெத்தில் ஆந்திரனிலேட்டு என்னும் பொருளும் உள்ளது. கருந்திராட்சையை நினைவூட்டும் இனிப்பு மணம் இதனுடையது. சாதிமல்லி மணத்திலிருந்து குண்டுமல்லி மணத்தை வேறுபடுத்திக் காட்டுவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதே இனம் சத்தியமங்கலத்திலும் விளைகின்றது என்பதை நினைவில் கொள்க.

சிஸ்-ஜாஸ்மோன் மல்லிகையின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. எசே கண்டறிந்த இப்பொருளின் மூலக்கூற்று அமைப்பை 1933-இல் லியோபோல்ட் ருசீக்காவும் அவருடைய உடன் ஆய்வாளரும் நிறுவினர். ருசீக்கா 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். 1962-இல் எதுவார் தெமோல் குழுவினர் சாதிமல்லிச் சாற்றிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தனர். இதனை ஒட்டிச் செயற்கையாக ஆக்கப்பட்ட மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டு, எடியோன் என்ற வணிகப் பெயரில் 1966-இல் வெளிவந்த ஓ சோவாழ் என்னும் வாசனைத் திரவியத்தின் வழியே புகழ் பெற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் வாசனைப் பொருள்கள் பெரும்பாலானவற்றில் இது உள்ளது. மல்லிகையைத் தேடிப் போனவர்கள் கண்டது வாசனைத் தொழிலோடும் நின்றுவிடவில்லை. காற்றில் பரவும் மெத்தில் ஜாஸ்மோனேட்டு, தக்காளிச் செடியில் பூச்சிகளுக்கு எதிரான புரதங்களை ஆக்கத் தூண்டுகின்றது என்று ஃபார்மரும் ரயனும் 1990-இல் காட்டினர். அதன்பின் ஜாஸ்மோனேட்டுகள் தாவரங்களின் தற்காப்பு இயக்குநீர்களாக அறியப்பட்டன.

பகுப்பாய்வு

நறுமணச் சாற்றை ஆராய்வதற்கான அடிப்படைக் கருவி, நிறை நிறமாலைமானியோடு இணைந்த வாயு வண்ணப்பிரிகைக் கருவி ஆகும். தலைமயிரைவிடச் சற்றே பருத்த உட்குழலை உடைய, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள சிலிக்கா நுண்குழாயைச் சுருளாகச் சுற்றி அடுப்பினுள் வைத்திருப்பர். குழாயின் உட்சுவரில் மெல்லிய நீர்மப் படலம் பூசப்பட்டிருக்கும். ஒரு துளியினும் மிகச் சிறிய அளவு சாறு ஆவியாக்கப்பட்டு, ஹீலியம் வாயுவோடு இதனுள் செலுத்தப்படும். அடுப்பின் வெப்பம் படிப்படியாக உயர, எளிதில் ஆவியாகும் பொருள் முந்தியும் படலத்தில் ஒட்டும் பொருள் பிந்தியும் வெளிவருகின்றன. லினலூல் முதலில் வரும், பென்சைல் அசிட்டேட்டு அதனை அடுத்து வரும், இந்தோல் பின்னர், பென்சைல் பென்சோயேட்டு நெடுநேரம் கழித்து வரும்.

வெளிவரும் ஒவ்வொரு பொருளும் நிறை நிறமாலைமானியில் எலெக்ட்ரான்களால் தாக்கப்பட்டு உடைகின்றது. உடைந்த துண்டுகளின் நிறைகள் அப்பொருளின் கைரேகை போன்றவை. இந்தோல் எளிதில் உடையாத வளைய அமைப்புடையது. ஆதலால் அதன் முழு மூலக்கூற்றின் நிறையாகிய 117 என்ற எண்ணிலேயே உயர்ந்த கோடு தோன்றும். பென்சைல் அசிட்டேட்டின் நிறை 150. அது 108, 91, 43 ஆகிய எண்களில் துண்டுகளைத் தரும். கணினி இக்கோலத்தை நூலகத்தில் உள்ள பல இலட்சம் கோலங்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கின்றது. ஆனால் கணினி சொல்லும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளல் ஆகாது. டெர்ப்பீன்கள் பலவும் ஒரே நிறையும் ஒத்த கோலமும் உடையவை. அதனால் பொருள் வெளிவந்த நேரத்தையும் அளவீட்டெண்ணாக மாற்றிச் சரிபார்க்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்த எர்வின் கோவாட்ஸ் 1958-இல் வகுத்த எண் இதற்குப் பயன்படுகின்றது. மாணவர் ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை, இவ்வெண்ணைக் கணக்கிடாமல் நூலக ஒப்பீட்டை மட்டும் நம்பிப் பட்டியலிடுவதே ஆகும்.

கருவிக்குத் தெரியாத ஒன்று மூக்குக்குத் தெரியும். ஆகவே சில ஆய்வகங்களில் குழாயின் முடிவைப் பிரித்து, ஒரு கிளையை நிறமாலைமானிக்கும் மற்றொன்றை முகர்வதற்கான புனலுக்கும் இட்டுச் செல்கின்றனர். புனலில் மூக்கை வைத்திருப்பவர் "பழம்", "பச்சை இலை", "பூச்சி உருண்டை" என்று நேரத்தோடு குறிக்கின்றார். வரைபடத்தில் கோடே தென்படாத இடத்தில் வலிமையான மணம் வந்ததாகக் குறிக்கப்படுவது அரிதன்று.

தனிச்சாற்றின் பகுப்பாய்வு பூவின் மணத்தைச் சொல்வதாகாது. பூவைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சுபொருளில் பிடித்து ஆராயும் முறை இதற்காக வளர்ந்தது. 1990 அளவில் கனடாவில் யானுஷ் பாவ்லிசின் உருவாக்கிய நுண்ணிழை முறையில், பூச்சுப் பூசிய ஊசியளவு இழையைப் பூவின் அருகில் வைத்து எடுத்து நேரே கருவியில் செருகினால் போதும், கரைப்பானே தேவையில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளர் பிரஜா முகர்ஜி, செடியில் உள்ள பூவும் பறித்த பூவும் வெளியிடும் மணக்கலவைகள் வேறுவேறு என்று மல்லிகை உள்ளிட்ட பூக்களில் காட்டினார். இம்முறையில் பைட்டாலும் மெழுகும் தென்படமாட்டா. அவை காற்றில் இல்லை.

கலப்படமும் அதனைக் கண்டறிதலும்

செயற்கைப் பென்சைல் அசிட்டேட்டு மிக மலிவானது. தனிச்சாற்றின் விலையோ மிக உயர்ந்தது. இவ்விடைவெளியே கலப்படத்துக்குக் காரணம். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் தொலுவீனைக் குளோரினோடு சேர்த்துச் செய்த பென்சைல் குளோரைடிலிருந்து இச்செயற்கைப் பொருள் ஆக்கப்பட்டிருந்தால், எஞ்சியுள்ள குளோரினேற்றச் சேர்மத்தின் சுவடு அதனைக் காட்டிக்கொடுக்கும். பூவில் பென்சைல் குளோரைடு கிடையாது.

தூய்மையான செயற்கைப் பொருளுக்கு வேறு சோதனைகள் வேண்டும். லினலூல் மூலக்கூறு இடக்கை வலக்கைபோல் இரு ஆடி வடிவங்களை உடையது. செடியின் நொதிகள் அவற்றுள் ஒன்றையே மிகுதியாக ஆக்குகின்றன. தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது வழக்கமாக இரண்டும் சரிபாதியாக இருக்கும். இரு வடிவங்களையும் பிரிக்கவல்ல பூச்சுடைய நுண்குழாயில் செலுத்தினால் விகிதம் தெரிந்துவிடும். மற்றொரு சோதனை கார்பன்-14 ஆகும். இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். பல கோடி ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த பெட்ரோலியத்தில் இது முற்றும் அழிந்திருக்கும். இந்த ஆண்டு பூத்த மல்லிகையில் காற்றில் உள்ள அளவே இருக்கும். ஆனால் மலிவான வேறொரு தாவரத்திலிருந்து எடுத்த லினலூலைச் சேர்த்தால் கார்பன்-14 சோதனை ஏமாறிவிடும். எனவே ஒரு சோதனையை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்குவதில்லை.

பூவின் விலையும் ஆலையும்

சத்தியமங்கலம் பூச்சந்தையில் குண்டுமல்லியின் விலை ஆண்டுக்குள்ளேயே பல மடங்கு ஏறி இறங்கும். மார்கழி, தை மாதப் பனியில் மொட்டு குறைந்து, பொங்கலும் முகூர்த்த நாட்களும் சேர்ந்து வருவதால் விலை ஆயிரங்களைத் தொடும். கோடையில் செடி நிறையப் பூக்கும், விலை வீழும். பூவைச் சேமித்து வைக்க இயலாது. நெல்லையோ மஞ்சளையோ விலை வரும்வரை இருப்பு வைக்கலாம். மல்லிகைக்கு ஒரு பகல் மட்டுமே உண்டு.

விலை வீழும் நாட்களில் ஆலையே கடைசி வாங்குபவர். குண்டுமல்லியில் ஒரு கிலோகிராம் மெழுகுக்கு ஏறத்தாழ 525 முதல் 715 கிலோகிராம் பூ வேண்டும். பூ கிலோ 100 ரூபாய் எனில் ஒரு கிலோ மெழுகில் பூவின் செலவு மட்டும் 52,500 முதல் 71,500 ரூபாய். பூ 1,500 ரூபாய் எனில் அது எட்டு முதல் பதினொரு இலட்சம் ரூபாய் ஆகின்றது. எந்த வாசனை நிறுவனமும் அவ்விலைக்கு வாங்காது. ஆகவே விலை ஏறிய நாட்களில் ஆலை வாங்குவதில்லை; ஆலை வாங்கும் நாட்களில் விவசாயிக்குப் பறிகூலி போக மிஞ்சுவது சிறிது. ஆலை இருந்தும் விலை உயரவில்லை என்ற குறையும், ஆலை இல்லாவிடில் பூவைக் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும் என்ற உண்மையும் ஒருசேர நிலவுகின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போது சந்தைகளும் கோயில்களும் மூடப்பட்டு, திருமணங்கள் தள்ளிப்போனபோது பூக்கள் செடியிலேயே விடப்பட்டன, அல்லது கொட்டப்பட்டன. பூ மிகும் பகுதிகளில் அரசே நறுமண ஆலை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையை விவசாயிகள் நெடுங்காலமாக முன்வைத்து வருகின்றனர்.

சாதிமல்லியின் நிலை சற்று வேறானது. மெழுகுத் தேறல் குண்டுமல்லியைவிட மிகுதி. சூடும் பூவாக அதற்குள்ள சந்தை சிறிது. ஆகவே அதன் விலையில் ஆலையின் கை ஓங்கியிருக்கின்றது. முல்லையில் தேறல் இவ்விரண்டையும்விட மிகுதி என்றாலும் வெளிநாட்டு வாசனைத் தொழிலில் முல்லைச் சாறு பெரிதாகப் பழக்கப்படவில்லை. ஐந்திணைகளுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பூவைப் பாரிசில் அறிந்தவர் சிலரே.

கரைப்பானின் இடர்களும் மாற்று முறையும்

ஹெக்சேன் எளிதில் தீப்பற்றுவது. காற்றில் அதன் ஆவி நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினாலும் வெடிக்கக்கூடிய கலவையாகிவிடும். அவ்வாவி காற்றைப்போல் மும்மடங்கு கனமானது. ஆதலால் மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களிலும் கால்வாய்களிலும் தேங்கி நிற்கும். ஆலையில் மின்பொறி எழாத விளக்குகளும் இயக்கிகளும் பொருத்தப்படுவதும், கலங்கள் தரையோடு மின்னிணைப்புச் செய்யப்படுவதும், கைப்பேசி தடை செய்யப்படுவதும் இதனாலேயே. நெடுநாள் சுவாசித்தால் ஹெக்சேன் உடலில் ஹெக்சேன்டையோன் என்னும் பொருளாக மாறிக் கைகால் நரம்புகளைப் பாதிக்கும். எனவே கழிவுப் பூவை வெளியே எடுக்கும் முன் கலத்துள் நீராவி செலுத்தி, ஒட்டியிருக்கும் கரைப்பானை மீட்க வேண்டும். செலவைக் குறைக்க இப்படியைச் சுருக்குவது கலத்தைத் திறக்கும் தொழிலாளியின் உடல்நலத்தில் கை வைப்பதாகும்.

இதற்கு மாற்றாகக் கரியமில வாயுவை மீவுய்ய நிலையில் பயன்படுத்தும் முறை உள்ளது. 31.1 பாகை செல்சியசுக்கும் 73.8 பார் அழுத்தத்துக்கும் மேல் இவ்வாயு நீர்மம்போல் கரைக்கவும் வாயுபோல் ஊடுருவவும் வல்லதாகின்றது. அழுத்தத்தைக் குறைத்தவுடன் அது பிரிந்து போய்விடும். எச்சம் ஏதும் தங்காது. இச்சாறு உயிர்ப்பூவின் மணத்துக்கு நெருக்கமானது. ஆனால் உயர் அழுத்தம் தாங்கும் தடித்த கலங்கள் விலை மிகுந்தவை. அவற்றின் கொள்ளளவு சிறியது. நாளொன்றுக்குப் பல டன் பூ ஒரே காலையில் வந்து இறங்கும் கோடைக்காலத்தில் அவை போதுமானவை அல்ல. ஆதலால் பல ஆலைகள் பூவை ஹெக்சேனிலேயே மெழுகாக்கிவிட்டு, கெடாமல் வைத்திருக்கக்கூடிய அம்மெழுகிலிருந்து பின்னர் விருப்பம்போல் தனிச்சாற்றைப் பிரிக்கின்றன. கரைப்பான் மீட்கப்பட்ட கழிவுப் பூ மட்கவைக்கப்பட்டு மீண்டும் தோட்டங்களுக்கு எருவாகச் செல்கின்றது.